காற்றுத் துப்பாக்கியும் கைவிரலும்

சீனத்துச் சாமான்களைப் பற்றி நம் குடும்பங்களில் இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குவது ஒன்று, வாங்கி வந்த பின் "எல்லாம் சீனச் சரக்குதானே!" என்று உதட்டைப் பிதுக்குவது மற்றொன்று. இரண்டையும் ஒரே மனிதரிடம், ஒரே வாரத்துக்குள் காணலாம். அதே மனிதர் ஐரோப்பியச் சாமான் என்றால் பெட்டியைத் திறந்து பார்க்காமலேயே கைகூப்பி விடுவார். பம்பாய்ப் பக்கத்தில் நெடுங்காலம் வாழ்ந்தவர்களுக்கு உல்லாஸ்நகர் வேடிக்கை நினைவிருக்கும். 'யூ.எஸ்.ஏ.' என்ற முத்திரையைக் கண்டு மயங்கி வாங்கினால், அது 'உல்லாஸ்நகர் ஸிந்தி அஸோஸியேஷன்' என்பதன் சுருக்கம் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள்.

முத்திரையை ஒதுக்கிவிட்டுச் சரக்கை மட்டும் பிரித்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குச் சென்ற ஆண்டு கிடைத்தது. அதுவும் துப்பாக்கி விஷயத்தில்.

துப்பாக்கி என்றதும் அன்பர்கள் திடுக்கிட வேண்டாம். சென்னைக் கடற்கரையில் பலகை நிறையப் பலூன்களைக் கட்டி வைத்து, காசு வாங்கிக்கொண்டு சுடக் கொடுக்கிறார்களே, அந்த ஜாதித் துப்பாக்கிதான். கடைக்காரர் அதை நடுவில் முறுக்கென்று வளைத்து, ஒரு சிறு ஈய ரவையை வைத்து, மறுபடி நிமிர்த்திக் கொடுப்பார். அந்த 'முறுக்கு' என்ற ஓசையில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. குழலை வளைக்கும்போது உள்ளேயுள்ள பலமான சுருள் ஸ்பிரிங் ஒன்று அமுங்குகிறது. அதன் முன்னால் ஒரு பிஸ்டன் பின்னுக்கு இழுபட்டு ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. விசையை அழுத்தியதும் கொக்கி விலகுகிறது, பிஸ்டன் முன்னே பாய்ந்து காற்றைக் கண்ணிமைக்கும் நேரத்தில் நசுக்குகிறது, நசுங்கிய காற்று ரவையைத் தள்ளிக்கொண்டு போகிறது. வெடிமருந்து கிடையாது. மனிதன் கையால் இட்ட உழைப்பே ரவையின் வேகமாக வெளிப்படுகிறது. இந்த எளிமையில் நான் மனத்தைப் பறிகொடுத்தேன் என்றே சொல்ல வேண்டும். பிம்பிரியில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் முப்பத்தொரு வருஷம் அரமும் மைக்ரோமீட்டருமாகக் காலம் தள்ளியவனுக்கு வேறு எதில் மனம் போகும்?

என் பெண்ணும் மாப்பிள்ளையும் இங்கிலாந்தில், பர்மிங்ஹாம் நகருக்கு அருகில் இருக்கிறார்கள். சென்ற ஆண்டு நானும் என் மனைவியும் அவர்களுடன் ஐந்து மாதம் தங்கினோம். அவர்கள் வீட்டின் பின்புறம் நீண்ட தோட்டமும், கோடியில் ஒரு மரக் கொட்டகையும் உண்டு. பேரனுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளித் தோழன் வீட்டில் குறி பார்த்துச் சுட்டுவிட்டு வந்ததிலிருந்து, துப்பாக்கி துப்பாக்கி என்று உயிரை வாங்கினான். மாப்பிள்ளை சிக்கனமானவர். தம்முடன் வேலை செய்யும் ஒருவரிடமிருந்து முப்பது பவுனுக்குச் சீனத்துக் காற்றுத் துப்பாக்கி ஒன்றைப் பழையதாக வாங்கி வந்தார். உபயோகித்த அடையாளமே இல்லை. குழலுக்குக் கீழே ஒரு நெம்புகோல். அதைக் கீழ்நோக்கி இழுத்தால் ஸ்பிரிங் அமுங்கும். பின்பு குழலின் வாயருகே உள்ள திறப்பில் விரலை விட்டு ரவையை வைத்து, நெம்புகோலை மறுபடி மேலே சேர்க்க வேண்டும்.

அந்த நாட்டுச் சட்டப்படி பதினெட்டு வயதாகாதவர் இதை வாங்க முடியாது. பதினான்கு வயதுக்கு உட்பட்டவன் சுட வேண்டுமானால் இருபத்தொரு வயதாவது ஆன ஒருவர் உடனிருக்க வேண்டும். ரவை வேலியைத் தாண்டினால் குற்றம். உடனிருக்கும் உத்தியோகம் எனக்கு வாய்த்தது. அதனால் துப்பாக்கியை முதலில் நானே பரீட்சித்துப் பார்ப்பது என்று தீர்மானித்தேன்.

முதல் சூட்டில் தோட்டமே அதிர்ந்தது. குழல் வாயில் நீலப் புகை. வாணலியில் எண்ணெய் காய்ந்தது போன்ற வாசனை. பேரன் கைதட்டினான். எனக்கோ அது நல்ல அறிகுறியாகப் படவில்லை. கப்பலில் துரு ஏறாமல் இருக்க உள்ளே அப்பி வைத்த மசகு பிஸ்டனுக்கு முன்னால் சேர்ந்து, நசுங்கிய காற்றின் சூட்டில் டீஸல் இயந்திரத்தில் எரிவது போலவே எரிந்திருக்கிறது. ஆகவே பிரித்துத் துடைத்தால்தான் ஆகும். கொட்டகையில் ஒரு ஜி கிளாம்ப்பில் மாட்டி, ஸ்பிரிங் முகத்தில் பாயாதபடி மெல்ல மெல்லத் தளர்த்திப் பிரித்தேன். ஸ்பிரிங் துப்பாக்கியைக் கிளாம்ப் இல்லாமல் பிரிக்க முயல்பவர் கண் வைத்தியருக்கு வேலை கொடுப்பவர்.

உள்ளே கண்டதை நியாயமாகச் சொல்ல வேண்டும். ஸிலிண்டர் நல்ல தடிப்பான எஃகுக் குழாய். தகரத்தை மடித்து ஏமாற்றும் வேலை எங்கும் இல்லை. துப்பாக்கிக் குழலின் உட்புற வரிகள் ஒழுங்காகவே ஓடின. கட்டை உண்மையான மரம். வார்னிஷ்தான் கல்யாணப் பந்தல் நாற்காலிக்குப் பூசியது போல இருந்தது. குறை எங்கே என்றால், எங்கெல்லாம் கடைசல் முடிந்து மனிதன் கை வைத்துச் சீர் செய்ய வேண்டுமோ அங்கெல்லாம் கையே பட்டிருக்கவில்லை. ஸிலிண்டரின் நீள்துளை ஓரத்தில் பிசிறு வாள்பல் போல நின்றது. பிஸ்டனின் வளையத்தை அது சீவியெடுத்திருந்தது. ஸ்பிரிங்கின் முனை தட்டையாகச் சாணை பிடிக்கப்படாமல் ஒரு பக்கம் தூக்கியிருந்தது. அது விரியும்போது கோணிக்கொண்டு உதைக்கும்; அந்த அதிர்ச்சியே குறியைக் கலைக்கும். இவற்றை எல்லாம் ஒரு நல்ல அரமும் எண்ணெய்க்கல்லும் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று நாட்களில் திருத்திவிடலாம். திருத்தினேன். பத்து கஜத்தில் ஐந்து ரவையும் ஒரு பழைய எட்டணா நாணயத்துக்குள் அடங்கின. மாப்பிள்ளையின் முகத்தில் முப்பது பவுன் மூன்னூறு பவுனானது போன்ற பிரகாசம்.

ஆனால் கொக்கியை நான் இன்னும் பார்க்கவில்லை.

பிஸ்டனைப் பின்னால் பற்றி நிறுத்தும் கொக்கியைத் தொழிலில் ஸியர் என்பார்கள். ஸ்பிரிங்கின் முழுப் பலமும், விரல்நகத்தின் ஓரமளவே உள்ள ஒரு விளிம்பில் தாங்கி நிற்கிறது. விரல் உள்ளே இருக்கும் சமயத்தில் அந்த விளிம்பு வழுக்கினால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டாம். முற்காலத்துச் சீனத் துப்பாக்கிகளில், குறிப்பாகப் பக்கவாட்டில் நெம்புகோல் வைத்தவற்றில், இப்படி விரல் நுனியை இழந்தவர்கள் உண்டு; அத்துப்பாக்கிகளுக்கு 'விரல் வெட்டி' என்ற பட்டப்பெயரே மேல்நாடுகளில் வழங்கிற்று.

நான் கொக்கியைக் கழற்றி, வேலை செய்யாத பக்கத்தில் அரத்தை இலேசாக ஓட்டினேன். சரியாகத் தோய்ச்சல் கொடுத்த எஃகின் மேல் அரம் கண்ணாடி மேல் நகம் போல வழுக்கிக்கொண்டு போகும். இதில் அரம் கடித்தது. பொடி உதிர்ந்தது. பூதக்கண்ணாடியில் விளிம்பைப் பார்த்தேன். நாங்கள் சுட்டது நூறு ரவைகூட இராது, அதற்குள் விளிம்பு சற்றே உருண்டிருந்தது. தவிர, நெம்புகோல் கீழே இருக்கும்போது விசை நகராதபடி தடுக்கும் பூட்டு எதுவும் அதில் இல்லை.

இதை மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? நம் வீடுகளில் மாப்பிள்ளை வாங்கி வந்த சாமானைக் குறை கூறுவது எவ்வளவு நுட்பமான காரியம் என்பது பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும். என் மனைவி கொட்டகை வரை வந்து, "உங்கள் டூல் ரூம் வீம்பை இங்கே காட்டாதீர்கள்" என்று எச்சரித்துவிட்டுப் போனாள். அவர் பாவம், "என்ன மாமா, தேறுமா?" என்று ஆவலோடு கேட்கிறார். நான் ஒன்றும் பேசாமல் கொக்கியையும் அரத்தையும் அவர் கையில் கொடுத்தேன். அவர் கணக்கு எழுதும் உத்தியோகஸ்தர். ஆயினும் இரண்டு முறை தேய்த்ததும் நிமிர்ந்து பார்த்தார். "கத்தி மாதிரி இருக்க வேண்டியது, ஈயம் மாதிரி இருக்கிறதே" என்றார். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டுப் பெரியவர் தம் துப்பாக்கியைக் கொண்டுவந்து காட்டினார். அவர் ஓய்வு பெற்ற லேத் தொழிலாளி. ஆகையால் எங்களுக்குப் பாஷை தடையாக இருக்கவில்லை. அவருடையது பி.எஸ்.ஏ. 'ஏர்ஸ்போர்ட்டர்', 1948-இல் வெளிவந்த மாதிரி. பி.எஸ்.ஏ. என்றதும் நமக்கு அம்பத்தூரில் செய்த சைக்கிள் நினைவுக்கு வரும். அதன் சின்னத்தில் மூன்று துப்பாக்கிகள் சாய்த்து நிறுத்தப்பட்டிருக்குமே, ஏன் என்று எப்போதாவது யோசித்ததுண்டா? 'பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ்' என்பதே அம்மூன்றெழுத்தின் விரிவு. துப்பாக்கி செய்யப் பிறந்த கம்பெனி பிறகு சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் செய்தது. 1905-ஆம் ஆண்டு முதல் காற்றுத் துப்பாக்கியும் செய்தது.

பெரியவரின் துப்பாக்கியிலும் குழலின் கீழே நெம்புகோல்தான். ஆனால் ரவை வைக்கும் இடம் வேறு. குழலுக்கும் ஸிலிண்டருக்கும் நடுவே ஒரு சிறு திருகு, நம் தண்ணீர்க் குழாயின் திருகு போலவே இருக்கிறது. அதைத் திருப்பினால் மேலே ஒரு துளை தெரியும். ரவையைப் போட்டு மறுபடி திருப்பினால் துளை குழலோடு நேராகிவிடும். பிஸ்டன் பாயும் வழியில் விரல் போகவே வேண்டாம். கொக்கி வழுக்கினாலும் விரலுக்குச் சேதமில்லை. இந்தத் திருகை ரவையின் அளவுக்குப் பொருந்தும்படி, காற்று கசியாதபடி, இழைத்துப் பொருத்துவது மிகுந்த செலவு பிடிக்கும் வேலை. துல்லியமாகக் குறி வைக்க வேண்டுமானால், ரவையை நேரே குழலுக்குள் வைக்கும் முறையே மேல் என்பதும் உண்மை. குறியா விரலா என்ற கேள்விக்குப் பழைய பர்மிங்ஹாம் தொழிலாளி விரல் என்று பதில் சொல்லியிருக்கிறான்.

ஜெர்மானியன் இரண்டும் வேண்டும் என்றான். பெரியவர் அழைத்துச் சென்ற ஒரு குறிபார்க்கும் சங்கத்தில், மெல்ரிஷ்டாட்டில் உள்ள வைரௌஹ் கம்பெனியின் எச்.டபிள்யூ. 77 என்ற துப்பாக்கியைக் கண்டேன். 1980-களில் வந்த மாதிரி. குழல் அசையாமல் நிலையாக நிற்கிறது; ரவையை நேரே குழலுக்குள் விரலால் வைக்க வேண்டும்; சீனத் துப்பாக்கியின் அமைப்பும் ஏறக்குறைய இதுவே. வித்தியாசம் விசைப்பெட்டியில் இருக்கிறது. 'ரெக்கார்ட்' என்று பெயர் பெற்ற அந்த விசைப்பெட்டி தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய ஒரு சிறு யந்திரம். ஸ்பிரிங்கின் பலத்தை ஒரே விளிம்பில் சுமத்தாமல், நெம்புகோல்களின் மூலம் படிப்படியாகக் குறைத்துக் கொண்டுவந்து, கடைசியில் விரல் ஸ்பரிசத்துக்கே விடுபடும்படி செய்திருக்கிறார்கள். நெம்புகோல் மேலே வந்து சேரும் வரை விசை வேலை செய்யாது. நான் அதை இழுத்து நெம்பியபோது ஓசை கூட வேறாக இருந்தது. நல்ல பீரோவின் கதவு மூடுவதைப் போல ஓர் அடக்கமான 'தொப்'. விலை, மாப்பிள்ளை கொடுத்ததைப் போலப் பத்து மடங்குக்கும் மேல்.

வேகத்தில் என்ன வித்தியாசம் என்று கேட்டால், நாங்கள் நினைத்ததற்கு மாறாக, அதிகமில்லை. இங்கிலாந்தில் 12 அடி-பவுண்டுக்கு மேல் சக்தியுள்ள காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும். ஜெர்மனியில் லைசென்ஸின்றி வாங்கக்கூடியது 7.5 ஜூல்தான், ஐங்கோணத்துக்குள் 'எஃப்' என்ற முத்திரை அதற்கு அடையாளம். 12 அடி-பவுண்டு என்பது சாதாரண 4.5 மில்லிமீட்டர் ரவைக்கு விநாடிக்குச் சுமார் 250 மீட்டர் வேகம். இதைச் சீன ஸ்பிரிங்கும் கொடுத்துவிடும். விளம்பரக்காரர்கள் வேகத்தைப் பற்றியே பேசுவதன் ரகசியம் இதுதான்; மலிவாகக் கொடுக்க முடிந்தது அது ஒன்றே.

இப்படிச் சொல்வதால் சீனத் தொழிலாளிக்குத் திறமை இல்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. இங்கிலாந்தில் ஸஸெக்ஸில் செய்யப்படும் ஏர் ஆர்ம்ஸ் டி.எக்ஸ். 200 என்ற உயர்ந்த துப்பாக்கியைப் பார்த்துச் சீனாவில் பி 40 என்ற பெயரில் ஒன்று செய்தார்கள். தெரிந்தவர்கள் அதை மெச்சினார்கள். பிற்காலச் சீனத் துப்பாக்கிகள் பலவற்றில் பாதுகாப்புப் பூட்டும் பல்சக்கரத் தடையும் வந்துவிட்டன. ஜெர்மன் பெயர் பெற்ற துப்பாக்கிகளை அமெரிக்காவில் இறக்குமதி செய்து புகழடைந்த பீமன் என்ற முத்திரையைப் பிற்காலத்தில் சீனத் துப்பாக்கிகள் தாங்கி வரலாயின. எது ஐரோப்பியம், எது சீனம் என்று பெட்டியைப் பார்த்துச் சொல்லும் காலம் போய்விட்டது.

ஐரோப்பியர்களின் பூர்வோத்தரமும் அப்படி ஒன்றும் மாசற்றதன்று. 'மேட் இன் ஜெர்மனி' என்ற சொற்றொடரைக் கேட்டால் நாம் இன்று மதிப்போடு தலையசைக்கிறோம். 1887-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் ஒரு சட்டம் செய்து, அயல்நாட்டுச் சரக்கில் பிறந்த இடத்தைப் பொறிக்கச் சொன்னது. ஷெஃபீல்டு கத்தி என்ற பேரில் வந்து குவிந்த மட்டமான ஜெர்மன் சரக்கிலிருந்து ஜனங்களைக் காப்பதே அதன் நோக்கம். அது எச்சரிக்கைப் பலகையாகத் தொங்கவிடப்பட்ட வாசகம்! இரண்டாவது உலக யுத்தம் முடிந்ததும் ராஸ்டாட்டில் இருந்த டயானா காற்றுத் துப்பாக்கித் தொழிற்சாலையின் யந்திரங்களை நஷ்டஈடாக எடுத்துப் போய், ஸ்காட்லாந்தில் மில்ப்ரோ என்ற கம்பெனி 'டயானா' என்ற பெயரிலேயே துப்பாக்கி செய்து விற்றது. உண்மையான டயானாக்காரர்கள் இங்கிலாந்தில் தங்கள் சரக்கை 'ஒரிஜினல்' என்ற பெயரில் விற்க வேண்டியதாயிற்று. நகல் டயானாவாகவும், அசல் பெயரிழந்ததாகவும் கடையில் பக்கத்தில் பக்கத்தில் நின்ற காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள்.

ஆக, நான் பார்த்த வரையில் அந்தப் பத்து மடங்கு விலை எங்கே போகிறது? எஃகில் இல்லை, மரத்திலும் அதிகம் இல்லை. பிசிறு எடுப்பவன், சாணை பிடிப்பவன், உலையின் சூட்டைப் பார்த்துப் பதம் சொல்பவன், தேறாத கொக்கியைப் பொறுக்கி எறிகிறவன், இவர்களுடைய கூலிக்குப் போகிறது. மலிவுத் துப்பாக்கியில் அந்த வேலை மிச்சமாகிறது என்று நினைக்கக் கூடாது. வாங்குகிறவன் தலையில் விழுகிறது. என்னைப் போன்றவனுக்கு அது ஐந்து மாதப் பொழுதுபோக்கு. வேலை தெரியாதவர் வீட்டில் அது செய்யப்படாமலே கிடக்கும். சிறுவன் ஒருவன் அதற்குள் விரலை விடுவான்.

கொக்கியை நானே கரிப்பொடியில் வைத்துச் சுட்டு, தோய்ச்சல் கொடுத்திருக்க முடியும். மாப்பிள்ளையும் அதைத்தான் கேட்டார். வேறொருவர் கேட்டிருந்தால் செய்திருப்பேன். என் உலையும் என் கண்ணும் சரியாக இருந்ததா என்பதைப் பேரனின் கட்டை விரலைக் கொண்டு பரீட்சிக்க எனக்கு மனம் வரவில்லை. எனவே ஓர் ஏற்பாடு செய்தோம். சீனத் துப்பாக்கியை இழுப்பதும் ரவை வைப்பதும் பெரியவர்கள் மட்டும். அதுவும், நெம்புகோலை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டே, மறு கையால் ரவை வைக்க வேண்டும். கொக்கி விட்டாலும் கை தாங்கும். பேரன் குறி பார்த்துச் சுடுவதோடு சரி. "தாத்தா, ஒரே ஒரு தடவை நானே போடுகிறேனே" என்று அவன் கெஞ்சியதற்கு நான் இணங்கவில்லை. அவனுக்கென்று ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர் ஏர்ஸ்போர்ட்டரை இரவல் தந்தார். அதை இழுக்க அவனுக்குப் பலம் போதவில்லை. நான் இழுத்துக் கொடுப்பேன். ரவையைத் திருகில் போட்டுத் திருப்புவது அவன் உரிமை.

ஸ்பிரிங் துப்பாக்கியை இறுகப் பிடித்தால் குறி தவறும் என்பதையும் அங்கேதான் கற்றான். பிஸ்டன் பாயும்போது துப்பாக்கி முதலில் பின்னுக்கும், அது முட்டி நிற்கும்போது முன்னுக்கும் உதைக்கிறது. இத்தனையும் ரவை குழலை விட்டு வெளிப்படுவதற்குள். ஆகையால் உள்ளங்கையில் மெத்தென்று கிடத்தி, அது தன்னிஷ்டப்படி துள்ள விட வேண்டும். துள்ளலை அடக்க ஃபைன்வெர்க்பௌ என்ற ஜெர்மன் கம்பெனி துப்பாக்கியையே கட்டைக்குள் வழுக்கும்படி அமைத்தது. இப்போது ஒலிம்பிக் பந்தயங்களில் ஸ்பிரிங்கே இல்லை. முன்கூட்டியே உருளையில் அடைத்த காற்று. கடலூரில் பிறந்து ஆமதாபாத்தில் வளர்ந்த நம் இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றது அத்தகைய துப்பாக்கியால்தான். பத்து மீட்டர் தூரத்தில் அரை மில்லிமீட்டர் புள்ளிக்கு அவர் குறி வைக்கிறார். இளவேனிலின் படத்தைப் பேரனுக்குக் காட்டினேன். வெளியூரில் வளர்ந்த தமிழ்ப் பெண் என்பதைவிட, அவர் அணிந்திருந்த கனமான தோல் சட்டையே அவன் கவனத்தைக் கவர்ந்தது.

இதைப் படித்துவிட்டு எவரேனும் பேரப்பிள்ளைகளுக்கு வாங்க எண்ணினால் இரண்டு விஷயங்கள். 2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகளின்படி 20 ஜூலுக்கு மேற்பட்ட சக்தியோ, 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துளையோ உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு நம் நாட்டில் லைசென்ஸ் தேவை. வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் யோசனையும் வேண்டாம், இறக்குமதிக்குத் தனி அனுமதி இருக்கிறது. இரண்டாவது, கடையில் எந்த நாட்டுத் துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தாலும், நெம்புகோலைப் பாதி இழுத்த நிலையில் கையை விடாமல் விசையை அழுத்திப் பாருங்கள். முழுதும் இழுத்த பிறகும் பிடித்தபடியே அழுத்திப் பாருங்கள். விசை அசைந்து ஸ்பிரிங் கையை இழுத்தால், விலையைக் கேட்காமலே திருப்பிக் கொடுத்துவிடலாம்.